நான் கொடுத்த இரண்டு மதிப்பெண்

நான் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்புக்குச் சார்புகள் பாடம் எடுத்தபோது, சார்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தெரியாது என்றால் இலக்கணம் தெரியாது என்று அர்த்தமில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவேன். மதிப்பகத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் துணை மதிப்பகத்தில் ஒரே ஒரு நிழல் உரு இருந்தால் அந்த உறவு சார்பு. போர்டில் இரண்டு நீள்வட்டம் போட்டு, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அம்புக்குறி இழுப்பேன். ஓர் எண்ணிலிருந்து இரண்டு அம்பு புறப்பட்டால் சார்பு இல்லை. ஓர் எண்ணிலிருந்து அம்பே புறப்படாவிட்டாலும் சார்பு இல்லை. எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். ஆனால் என் மனதுக்குள் சார்பு என்பது வெறும் சூத்திரம். எக்ஸைப் போட்டால் ஒய் வரும், அவ்வளவுதான். எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணத்துக்கு என்பதைச் சடங்குபோல முதல் வரியில் எழுதிவைப்பேன். அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இதனால் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. பி.எஸ்ஸி.யில் பகுப்பாய்வுத் தாளை மனப்பாடம் செய்தே முதல் வகுப்பு வாங்கினேன். வேலைக்கு வந்தபின், எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்குக் கேள்வி வரும் என்று கணிப்பதில் தேர்ந்தேன். நான் இருப்பது விருதுநகர் மாவட்டம். பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம். இங்கே ஒரு கணக்கு டீச்சரின் பெயர், அவர் வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதில் இருக்கிறது. என் வகுப்பில் எல்லோரும் தேறினார்கள். அந்தப் பெருமையோடு நிமிர்ந்து நடந்தேன். மாவட்டத்தின் மேல் பழியைப் போட இதைச் சொல்லவில்லை. இதே மாவட்டத்தில், இதே நெருக்கடியில், பிள்ளைகள் கேட்டதற்கு நின்று பதில் சொன்ன ஆசிரியர்களை எனக்குத் தெரியும். நான் அவர்களில் ஒருத்தியாக இல்லை.

2019இல் பத்தாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது. முதல் பாடமே 'உறவுகளும் சார்புகளும்'. வினாத்தாள் அமைப்பும் மாறியது. ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண் வினா 10 எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண் வினா 10. வரைபடத்துக்கும் செய்முறை வடிவியலுக்கும் எட்டு எட்டு. பாடத்தைப் படிப்பதற்கு முன்னால் இந்த அமைப்பைத்தான் நான் படித்தேன். எங்கள் ஊர்க் கடைக்குக் கைடு இன்னும் வந்திருக்கவில்லை. அதனால் புத்தகத்தை நானே வாசித்துப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. எனக்குள் ஒரு பயம் இருந்தது. பயத்தை மறைக்கக் குரலை உயர்த்தினேன். அந்த ஜூன் மாதம் என் வகுப்பில் சத்தமே இருக்காது. கட்டுப்பாடான வகுப்பு என்று பக்கத்து வகுப்பு டீச்சர்கள் பாராட்டினார்கள்.

குத்துக்கோட்டுச் சோதனை எடுத்த அன்று அது நடந்தது.

சோதனை எளிமையானது. ஒரு வளைவரை சார்பா இல்லையா என்று பார்க்க, ஒய் அச்சுக்கு இணையாகக் கோடு வரைய வேண்டும். எந்தக் குத்துக்கோடும் வளைவரையை ஒரு புள்ளிக்கு மேல் வெட்டக் கூடாது. வெட்டினால் சார்பு இல்லை. நான் போர்டில் வலப்பக்கம் வாய் திறந்த ஒரு பரவளையம் வரைந்தேன். ஒய்யின் வர்க்கம் எக்ஸுக்குச் சமம். எக்ஸ் நான்காக இருக்கும் இடத்தில் குத்துக்கோடு போட்டேன். அது மேலே இரண்டிலும் கீழே மைனஸ் இரண்டிலும் வெட்டியது. ஆகவே சார்பு இல்லை. பிள்ளைகள் கிராஃப் நோட்டில் வரைந்துகொண்டார்கள்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு மாணவி நோட்டைக் கையில் தூக்கிக்கொண்டு எழுந்தாள். பெயர் சொல்லப் போவதில்லை. அதிகம் பேசாத பெண். நோட்டை எனக்குக் காட்டி, பக்கவாட்டில் திருப்பினாள். வலப்பக்கம் திறந்திருந்த பரவளையம் இப்போது மேல்நோக்கித் திறந்திருந்தது.

"டீச்சர், இப்பிடித் திருப்பிப் பிடிச்சா இது சார்பு ஆயிருது. அப்போ சார்புங்கிறது கோட்டுல இருக்கா, நாம பிடிக்கிறதுல இருக்கா?"

அவள் கேட்டது இதுதான். ஒரு சொல்கூட நான் மாற்றவில்லை. மறக்கக்கூடிய கேள்வி இல்லை அது.

எனக்குப் பதில் தெரியவில்லை. முதல் ஒன்றிரண்டு விநாடி நான் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதில் தவறு எங்கே இருக்கிறது என்று தேடினேன். தவறு இருக்கிறதா என்று தேடவில்லை. இருந்தே தீர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் தேடினேன். கிடைக்கவில்லை. வகுப்பு முழுக்க என்னையே பார்த்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. 'நல்ல கேள்வி, நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன்' என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் என் வாய்வரை வரவே இல்லை. அப்படி ஒரு வாக்கியத்தை அதுவரை எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை.

"பரீட்சை ஹாலுலயும் தாளைத் திருப்பிப் பிடிச்சுத்தான் எழுதுவியா? உன்னையும் அதே மாதிரி தலைகீழா நிக்க வைக்கவா?" என்றேன்.

வகுப்பு சிரித்தது. வாரக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்த வகுப்பு அது. சிரிக்க ஒரு வாசல் திறந்ததும் நன்றாகவே சிரித்தது. அவள் நோட்டை மெதுவாக நேராகத் திருப்பினாள். உட்கார்ந்தாள். நான் அடுத்த படத்துக்குப் போனேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நான் ஒளிக்க விரும்பவில்லை. ஒரு பெண் குழந்தை எல்லோர் முன்னாலும் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அன்றிலிருந்து பிள்ளைகள் அவளைத் 'திருப்பி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்குத் தெரியும். காதில் விழுந்தது. தடுக்கவில்லை. ஒருநாள் நானே, "என்ன திருப்பி, இன்னைக்குச் சந்தேகம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன். டீச்சரே கூப்பிட்ட பிறகு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதை வாசிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்ததன் அளவு தெரியாது. அதே பாடத்தில் சில பக்கம் தள்ளிக் கிடைமட்டக்கோட்டுச் சோதனை வருகிறது. ஒரு சார்பு ஒன்றுக்கு ஒன்றானதா என்று பார்க்கும் சோதனை. அவள் நோட்டைத் திருப்பிய மாத்திரத்தில் அந்த இடத்துக்குப் போய்விட்டாள். குத்துக்கோட்டைக் கிடைமட்டக் கோடாக மாற்றிப் பார்த்தாள். வளைவரை அதேதான். ஒய்யிலிருந்து எக்ஸுக்குப் போனால் ஒவ்வோர் ஒய்க்கும் ஒரே ஓர் எக்ஸ் கிடைக்கிறது; அது சார்பு. எக்ஸிலிருந்து ஒய்க்குப் போனால் நான்குக்கு இரண்டு விடை வருகிறது. அது சார்பு இல்லை. ஆகவே கோட்டை மட்டும் பார்த்து சார்பா இல்லையா என்று கேட்பதே அரைகுறைக் கேள்வி. எதிலிருந்து எதற்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். மதிப்பகமும் துணை மதிப்பகமும் முதல் வரியில் நிற்பது அதற்காகத்தான். பதினைந்து வயதில் ஒரு பெண் அதைக் கண்டுபிடித்து என்னிடம் காட்டினாள். நான் சடங்காக எழுதிவைத்த வரிக்கு அவள் அர்த்தம் கேட்டாள்.

காலாண்டுத் தேர்வு வந்தது. அதே படம் இரண்டு மதிப்பெண் வினாவில் வந்தது. இந்த வளைவரை சார்பைக் குறிக்கிறதா, காரணம் தருக. அவள் எழுதியிருந்தாள்: எக்ஸ் அச்சை மதிப்பகமாகக் கொண்டால் சார்பு இல்லை, ஏனெனில் குத்துக்கோடு இரண்டு புள்ளிகளில் வெட்டுகிறது. ஒய் அச்சை மதிப்பகமாகக் கொண்டால் சார்பு. பக்கத்தில் சின்னதாக, திருப்பி வரைந்த ஒரு படம்.

முதல் வாக்கியம் விடைக்குறிப்பில் இருந்த அதே விடை. அதற்கே இரண்டு மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும். இரண்டாவது வாக்கியமும் சரி. நான் இரண்டையும் சேர்த்துச் சிவப்பு மையில் குறுக்காக அடித்தேன். பூஜ்யம் போட்டேன். ஓரத்தில் 'தேவையற்றது' என்று எழுதினேன். கேட்டதைவிட அதிகமாக எழுதினால் குழப்பம், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவள் இன்னும் அடங்கவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. அதுதான் உண்மை.

அவள் வந்து கேட்கவில்லை. மற்ற பிள்ளைகள் அரை மதிப்பெண்ணுக்கெல்லாம் மேசையைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கேட்டபோது திருப்பிக் கொடுத்தாள்.

அரையாண்டுத் தேர்வில் மறுபடியும் அப்படி ஒரு வினா வந்தது. இந்த முறை அவள் எழுதியது இதுதான்: "இல்லை. குத்துக்கோட்டுச் சோதனையின்படி சார்பு அல்ல." நான் போர்டில் எழுதிப்போட்ட வாக்கியம், எழுத்துப் பிசகாமல். படம் இல்லை. ஒய் அச்சு இல்லை. நான் இரண்டுக்கு இரண்டு போட்டேன். வழிக்கு வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த இரண்டு மதிப்பெண்ணைப் பற்றித்தான் நான் அதிகம் நினைக்கிறேன். பூஜ்யம் போட்டது கோபத்தில் செய்தது. கோபத்துக்கு ஏதாவது ஒரு சமாதானம் கிடைக்கும். அந்த இரண்டு மதிப்பெண்ணை நான் நிதானமாக, திருப்தியோடு கொடுத்தேன். யோசிப்பதை விட்டதற்கு ஒரு பிள்ளைக்குப் பரிசு கொடுத்தேன்.

அவள் ஒருத்திக்கு மட்டும் நடந்ததில்லை இது. அந்த வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். அன்று சிரித்தவர்கள் எல்லோரும் ஒரு பாடம் படித்துக்கொண்டார்கள். அதன்பின் அந்த வருஷம் முழுக்க அந்த வகுப்பிலிருந்து எனக்குச் சந்தேகமே வரவில்லை. மாறிலிச் சார்பு எடுத்தபோது ஒரு மாணவி மட்டும், எக்ஸே இல்லாமல் வெறும் ஐந்து என்று இருக்கிறதே, அது எப்படிச் சார்பாகும் என்று பக்கத்துப் பெண்ணிடம் முணுமுணுத்தாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, எழுதிக்கொள் என்றுதான் சொல்லியிருப்பேன். எஃப் ஆஃப் எக்ஸ் என்பதை எஃப் பெருக்கல் எக்ஸ் என்று நினைத்துக்கொண்டே பலர் அந்த வகுப்பைத் தாண்டினார்கள். இரண்டு எண்ணைக் கூட்டிச் சார்புக்குள் போட்டாலும், தனித்தனியே போட்டுக் கூட்டினாலும் ஒரே விடைதான் என்று நம்பினார்கள். வர்க்கச் சார்பில் இரண்டையும் மூன்றையும் போட்டுப் பார்த்தாலே உடைந்துபோகும் நம்பிக்கை அது. ஒருபுறம் 25, மறுபுறம் 13. போட்டுப் பார்க்க நான் நேரம் கொடுக்கவில்லை. சார்புகளின் சேர்ப்புக்கு ஐந்து மதிப்பெண் வினா வரும். படிகளை வரிசையாக எழுத வைத்தேன். எழுதினார்கள். மதிப்பெண் வாங்கினார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பள்ளி மூடினார்கள். பொதுத்தேர்வு தள்ளிப்போனது. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். முதுகலை ஆசிரியர் பணிக்கான தேர்வு எழுதலாம் என்ற எண்ணம். அங்கேயும் முதல் பாடத்தில் சார்புகள். நேர்மாறு சார்பு பற்றிய பகுதியை வாசித்தேன். ஒரு சார்புக்கு நேர்மாறு எப்போது இருக்கும், எப்போது இருக்காது, மதிப்பகத்தைச் சுருக்கினால் எப்படி வரும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்தக் கிராஃப் நோட்டு நினைவுக்கு வந்தது. புத்தகத்தை மூடிவைத்தேன். உடம்பு சுட்டது.

பிறகு விடாமல் படித்தேன். கணித வரலாறு படித்தேன். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் லைப்னிட்ஸ் அந்தச் சொல்லைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். 1748இல் ஆய்லர் எழுதிய நூலில் சார்பு என்பது மாறியும் மாறிலிகளும் சேர்ந்த ஒரு கோவை. என் மனதிலும் அதே சூத்திரம்தான் இருந்தது. 1755இல் ஆய்லரே அந்த இலக்கணத்தை அகலப்படுத்தினார். 1837இல் டிரிஷ்லே, ஒவ்வோர் எக்ஸுக்கும் ஒரே ஓர் ஒய் கிடைத்தால் போதும், ஒரே விதியில் கட்டுப்பட வேண்டியதில்லை என்ற இடத்துக்கு வந்தார். கணங்களின் மொழியில் நாம் இன்று எழுதும் இலக்கணம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. பெரிய மூளைகளுக்கே தலைமுறைகள் பிடித்த விஷயம். அதை நான் ஒரு வாரத்தில் முடித்து, அடுத்த பாடத்துக்குப் போயிருந்தேன்.

ஷ்லோமோ வின்னர், டாமி டிரைஃபஸ் என்ற இரண்டு இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்ட கட்டுரையையும் அப்போது படித்தேன். கல்லூரி மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் சார்பின் இலக்கணத்தைக் கேட்டார்கள். சில படங்களையும் காட்டி, இது சார்பா என்று கேட்டார்கள். இலக்கணத்தைச் சரியாகச் சொன்ன பலர், படத்தைப் பார்க்கும்போது அந்த இலக்கணத்தை விட்டுவிட்டு, மனதில் இருந்த வேறொரு பழைய பிம்பத்தை வைத்துப் பதில் சொன்னார்கள். வாசிக்கும்போது என் பெயர் அதில் இல்லாதது மட்டும்தான் குறை.

அந்த நாள்களில்தான் கரண்ட் பில்லையும் உட்கார்ந்து பார்த்தேன். தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 40 யூனிட் ஓடிய வீட்டுக்கும் கட்டணம் பூஜ்யம். 90 யூனிட் ஓடிய வீட்டுக்கும் பூஜ்யம். 100ஐத் தாண்டினால் கட்டணம் அடுக்கடுக்காக மாறும். ஒரே சூத்திரம் கிடையாது. ஆனாலும் அது சார்பு. எத்தனை யூனிட் ஓடியிருந்தாலும் அதற்கு ஒரே ஒரு கட்டணம்தான். இப்போது அவள் செய்ததுபோல் திருப்பிப் பார்க்கலாம். பில் பூஜ்யம் என்றால் எத்தனை யூனிட்? 40ஆ, 90ஆ? சொல்ல முடியாது. திருப்பினால் சார்பு இல்லை. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் புரியும். அன்று வகுப்பில் இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அவள் கேள்விக்கு வகுப்பே பதில் கண்டுபிடித்திருக்கும்.

ஆக, 2020 மே மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் கேட்டது சரி. நான் செய்தது தவறு.

இதுவரை நான் எழுதியதை ஒருவர் மன்னிக்கக்கூடும். தெரியாமல் செய்தாள், பிறகு தெரிந்துகொண்டாள் என்று விட்டுவிடக்கூடும். அதனால்தான் இதைத் தொடர்ந்து எழுத வேண்டியிருக்கிறது. இனி வருவது தெரிந்தே செய்தது.

ஜூனில் பொதுத்தேர்வை ரத்து செய்தார்கள். எல்லோரும் தேர்ச்சி. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களிலிருந்து 80 விழுக்காடு, வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடு என்று அறிவித்தார்கள். பழைய விடைத்தாள்களைக் கட்டுக் கட்டாக எடுத்துப் பட்டியல் தயாரித்தோம். அவளுடைய இரண்டு தாள்களும் என் மேசைக்கு வந்தன. காலாண்டுத் தாளில் சரியான விடையின் மேல் என் சிவப்பு மை. அரையாண்டுத் தாளில் என் வாக்கியம், என் இரண்டு மதிப்பெண். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தலைமை ஆசிரியரிடம் எடுத்துப் போய், நான் தப்பாகத் திருத்திவிட்டேன் என்று சொல்லலாம். முறைப்படி சரிசெய்ய வழி இருந்திருக்கும். இரண்டு மதிப்பெண்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று கட்டிவைத்துவிட்டேன்.

ஆகஸ்டில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை. மேசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். அவள் அப்பாவோடு வந்தாள். இருவரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். அப்பா அச்சாபீஸில் கூலி வேலை. பள்ளிக்கூடத்துக்குள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் மனிதர்.

"பிள்ளை கணக்கு குரூப் கேக்குது டீச்சர். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் வருஷம் பூரா பாத்திருக்கீங்க. நீங்க சொன்னாச் சரி" என்றார்.

அவள் மதிப்பெண் கணக்கு குரூப்புக்குப் போதுமானது. இடமும் இருந்தது.

எங்கள் பள்ளியில் மேல்நிலைக்குக் கணக்கு எடுப்பவர் கெட்டிக்காரர். முதல் பாடமே சார்புகளைத் தொடும். இவள் முதல் மாதமே நோட்டைத் திருப்பிக் காட்டுவாள். அவர் அசந்துபோவார். பத்தாவதில் யாரிடம் படித்தாய், அப்போது இதைக் கேட்கவில்லையா என்பார். அவள் சொல்லிவிடுவாள். ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இவ்வளவும் என் மனதில் ஓடியது. நீங்கள் இதை வாசிக்க எடுக்கும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் ஓடியது.

"கணக்கு அவளுக்கு வராதுங்க. கவனம் வேற எங்கயாவது போயிருது. காமர்ஸ் போடுங்க, நல்லாப் படிப்பா" என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "சரிங்க டீச்சர்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. நான் படிவத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள். நானே என் கையால் எழுதினேன்.

வணிகவியல் தாழ்ந்த படிப்பு என்று நான் சொல்லவில்லை. அவள் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஒரு தகப்பன் என்னை நம்பி மகளின் படிப்பை என் வாயில் விட்டார். நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அதைப் பயன்படுத்தினேன். இதற்குக் கோபம் என்று பெயர் சொல்ல முடியாது. அறியாமை என்றும் சொல்ல முடியாது. அவளுக்குக் கணக்கு வரும் என்று அந்த மேசையில் உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அவள் பி.காம். முடித்தாள். இப்போது சிவகாசியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். போன வருஷம் என் பழைய மாணவி ஒருத்தியின் கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில், "நல்லாருக்கீங்களா டீச்சர்?" என்று அவளே வந்து பேசினாள். தனியாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். பரவளையம், சிவப்பு மை, சேர்க்கை மேசை, எதையும் விடவில்லை. அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"நான்தான் கிறுக்குத்தனமா ஏதோ கேட்டுட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன் டீச்சர். அதுக்கப்புறம் எந்த கிளாஸ்லயும் கேக்கல."

"காலேஜ்லயுமா?"

"காலேஜ்லயும்தான்."

கோபப்படவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னாள். "இதை எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். எனக்குக் கணக்கு வராதுன்னு இன்னும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்க சொன்னது அவருக்கு அவ்வளவு."

சரி என்று சொன்னேன். அவர் வீடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரம். இன்னும் போகவில்லை. போகும் வழியில் திரும்பி வந்திருக்கிறேன். மாணவியிடம் சொல்ல முடிந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த அந்த மனிதரின் முகத்துக்கு நேரே சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. அதனால் எழுத்தில் சொல்கிறேன். இதன் அச்சுப் பிரதியோடு அவர் வீட்டுக்குப் போவேன்.

நான் இப்போதும் பத்தாம் வகுப்புக்குத்தான் பாடம் எடுக்கிறேன். முதுகலைத் தேர்வை நான் எழுதவில்லை. சார்புகள் பாடத்துக்கு நாள் அதிகம் எடுத்துக்கொள்கிறேன். கரண்ட் பில்லைக் கொண்டுவரச் சொல்கிறேன். பரவளையத்தை வரைந்துவிட்டு நோட்டைத் திருப்பச் சொல்கிறேன். நன்றாகப் போகிறது. இதை ஈடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவளுக்குப் போனது போனதுதான்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று என்னைப் போல் ஒருத்தி சொன்னால், சரிங்க டீச்சர் என்று உடனே தலையாட்டாதீர்கள். விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, சிவப்பு மையில் அடித்திருக்கும் இடத்தைக் காட்டி, இங்கே நீ என்ன எழுத நினைத்தாய் என்று அவளிடமே கேளுங்கள்.